பழைய மரத்தில் ஒரு பரிசுப் பெட்டி

இடித்த வீட்டின் கதவு, ஜன்னல் சட்டம், கைமரம், உடைந்த கட்டில், சரக்கு வந்திறங்கிய பெட்டி எனப் பயன் முடிந்துபோன பொருள்களிலிருந்து எடுத்த மரத்தில் பரிசுப் பெட்டி செய்வது, தச்சுக்கலையின் சிறிய, ஆனால் முழுமையான பயிற்சி. மரத்தை அடையாளம் காண்பது, அறுப்பது, இழைப்பது, மூட்டுவது, கீல் பொருத்துவது, மெருகு ஏற்றுவது ஆகிய எல்லாமே ஒரு முழ நீளம்கூட இல்லாத இந்தப் பொருளுக்குள் வந்துவிடுகின்றன. பெரிய பட்டறையும் தேவையில்லை. கூரான கைக்கருவிகள் சிலவும், ஆட்டம் இல்லாத ஒரு மேசையும் இருந்தால் போதும்.

பழைய மரம் புதியதைவிட மலிவாகக் கிடைக்கும் என்பது மட்டுமல்ல இதன் சிறப்பு. பல ஆண்டுகள் கட்டடத்தில் இருந்த மரம், வெட்டியபோது இருந்த பச்சை ஈரத்தை முற்றிலும் இழந்து, முறுக்க வேண்டிய அளவு முறுக்கி அடங்கியிருக்கும். சிறிய பெட்டியின் மூட்டுகள் பிசகாமல் நிற்க இந்த அடக்கம் மிகவும் உதவும். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் முற்றிய மரங்களையே தேர்ந்தார்கள். எனவே அவற்றில் வைரம் பாய்ந்த உள்மரத்தின் பங்கு அதிகம். இளம் வயதிலேயே வெட்டப்படும் தோட்ட மரத்தில் பூச்சிக்கு எளிதில் இரையாகும் வெளிர்மரம் கூடுதலாக இருக்கும். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மரத்தை எரித்தால் அது காற்றில் கலந்துவிடும். பொருளாகச் செய்து வைத்தால், அந்தப் பொருள் இருக்கும்வரை மரத்துக்குள்ளேயே தங்கும்.

எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் பழைய மரத்துக்குப் பெயர்பெற்ற பகுதி செட்டிநாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார், தங்கள் ஊர்களில் கட்டிய பெரிய வீடுகளுக்கு அங்கிருந்து தேக்கை வரவழைத்தார்கள். தூண், நிலை, கதவு, உத்திரம் ஆகிய எல்லாவற்றிலும் பர்மா தேக்கு இருந்தது. பராமரிக்க ஆளில்லாமல் சில வீடுகள் இடிக்கப்படும்போது அந்த மரங்கள் விற்பனைக்கு வருகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவுகள், தூண்கள் முதல் சிறு பித்தளைக் கொண்டிகள் வரை கிடைக்கும். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் அறுக்காத மரத்தடிகளின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதன்பின் பழைய பர்மா தேக்கின் மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கிறது.

பரிசுப் பெட்டிக்கு இவ்வளவு பெயர்பெற்ற மரம்தான் வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான நகரங்களில் வீடு இடிக்கும் ஒப்பந்ததாரர்கள் நடத்தும் பழைய மரக்கடைகள் உண்டு. முழுக் கதவாகவோ நிலையாகவோ விற்க முடியாத துண்டுகளை அங்கே எடைக்கு விறகாகப் போடுவது வழக்கம். பெட்டிக்கு வேண்டியவை அந்தத் துண்டுகள்தான். வேம்பு, பலா, வேங்கை, பூவரசு, மருது ஆகியவை பழைய வீடுகளில் அடிக்கடி காணப்படும். பலா மஞ்சளாக இருந்து வயதாக ஆகப் பழுப்பேறும். கருவிக்கு இணங்கும் மரமான அதில்தான் தஞ்சாவூர் வீணைகளும் செய்யப்படுகின்றன. வேங்கை கனமானது. ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் இறங்கும் என்பதால், வெள்ளைத் துணி வைக்கும் பெட்டிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

தொழிற்பேட்டைகளில் கிடைக்கும் சரக்குத் தட்டுகளும் பெட்டிகளும் பெரும்பாலும் பைன் மரம். பன்னாட்டுச் சரக்குடன் வரும் மரத்தில் கதிர் வடிவச் சின்னத்துடன் நாட்டுக் குறியீடும் பதப்படுத்திய முறையும் முத்திரையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ‘ஹெச்டி’ என்றிருந்தால், மரத்தின் உட்புறம் 56 பாகை செல்சியசை எட்டி 30 நிமிடம் அந்த வெப்பத்தில் நின்றிருக்கிறது என்று பொருள். இது கைவேலைக்கு ஏற்றது. ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை ஏற்றப்பட்ட மரம். அதை ஒதுக்கிவிட வேண்டும். முத்திரை இல்லாத தட்டில் என்ன சரக்கு சிந்தியது என்று சொல்ல முடியாது. எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ இருந்தால் அதையும் எடுக்கக் கூடாது.

எடுக்கும் முன் சோதனை

முதலில் பூச்சி. மரத்தின் மேல் சிறு துளைகள் இருந்தால் அதைத் தரையில் தட்டிப் பார்க்க வேண்டும். மாவு போன்ற தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லாவிட்டால் அது பழைய சேதமாக இருக்கலாம். உளுத்த மரம் தட்டும்போது மந்தமாக ஒலிக்கும். கூர்முனையால் குத்தினால் தடையின்றி உள்ளே இறங்கும். பூச்சி இருக்கும் துண்டை வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. மேற்பரப்பு சுட்டாலும் உள்ளே வெப்பம் போதிய அளவு ஏறாது. அத்தகைய துண்டை மற்ற மரங்களோடு சேர்த்து வைக்காமல் விலக்குவதே சரி.

அடுத்து பெயிண்ட். பழைய கதவு ஜன்னல்களின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பெயிண்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பரவும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. சூடுகாட்டி எரித்து உரிப்பதும் ஆபத்து. நீரில் நனைத்துச் சுரண்டுவதும், சுரண்டியதைக் காகிதத்தில் சேர்த்துப் பொதிந்து அப்புறப்படுத்துவதும் ஓரளவு பாதுகாப்பான வழி. தொடக்கநிலையில் இருப்பவர் பெயிண்ட் பூசாத மரத்தைத் தேர்ந்துகொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளைப் பெட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. பச்சை நிறம் ஏறிய, மருந்து ஊட்டிய மரங்களில் ஆர்செனிக் இருக்கக்கூடும். அவையும் வேண்டாம்.

மூன்றாவது ஆணி. பழைய மரத்தில் தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஆணிகள் இருக்கும். அறுப்பு மில்லின் வாளோ இழைப்புளியின் அலகோ அதில் பட்டால் பல் உடையும். கைக்கும் கண்ணுக்கும் காயம் ஏற்படலாம். வலுவான காந்தத்தை மரத்தின் எல்லாப் பக்கமும் மெல்ல நகர்த்தினால் இரும்பு அகப்படும். பித்தளை ஆணி காந்தத்தில் ஒட்டாது என்பதால் கண்ணாலும் பார்க்க வேண்டும். மரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால், இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டான கறை அது. அங்கே ஆணி இருக்கிறது அல்லது முன்பு இருந்திருக்கிறது. ஆணியின் கூர்முனை மறுபுறம் தெரிந்தால் அங்கிருந்து தட்டித் தலையை வெளியே கொண்டுவந்து, குறட்டின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்து நெம்ப வேண்டும். இல்லாவிட்டால் குறடு பலகையில் பள்ளம் பதித்துவிடும்.

இந்தச் சோதனைகளுக்கும் சுத்தம் செய்வதற்கும் ஆகும் நேரம், பெட்டியை மூட்டும் நேரத்துக்குக் குறைந்ததாக இருக்காது. பழைய மரத்தில் வேலை செய்வதன் பாதி இதுவே. இதை அவசரமாகக் கடந்தவர்களின் பெட்டிதான் பின்னால் பிளக்கிறது, உளுத்துக் கொட்டுகிறது.

மரம் அசையும்

நன்கு உலர்ந்த மரமும் அசைவற்றுக் கிடப்பதில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், கோடையில் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவு அன்று. ரேகை ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை எனலாம். அகலவாக்கில் அதிகம். அதிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில், வளையங்களுக்குக் குறுக்கான திசையைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

குறைவாக அசையும் மரம் என்று பெயர் வாங்கிய தேக்கையே எடுத்துக்கொள்ளலாம். சுமார் 136 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 விழுக்காடு கூடினாலோ குறைந்தாலோ, அகலம் ஏறத்தாழ 1 மி.மீ. மாறும். அற்பமாகத் தோன்றும் இந்த ஒரு மி.மீ. நான்கு பக்கமும் பசையிட்டு இறுக்கப்பட்டால், பலகையே பிளக்கும் அல்லது பெட்டியின் மூலை விட்டுப்போகும். ஆகவே மூடியும் அடிப்பலகையும், பக்கப் பலகைகளில் வெட்டும் நீள்பள்ளமான காடிக்குள் பசையில்லாமல் மிதக்க வேண்டும் என்பது பெட்டி வேலையின் அடிப்படை விதி.

கொண்டுவந்த மரத்தை வேலை நடக்கப்போகும் அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கிச் சில வாரங்கள் விடுவது இதனால்தான். வெளியே மழையில் நனைந்து கிடந்த துண்டாக இருந்தால் இன்னும் நாளாகும். வாரம் ஒருமுறை ஒரே துண்டை எடைபோட்டு, எடை மாறாமல் நின்றதும் வேலையைத் தொடங்கலாம்.

அளவும் பலகையும்

முதல் பெட்டிக்கு வசதியான வெளி அளவு 220 மி.மீ. நீளம், 150 மி.மீ. அகலம், சுமார் 92 மி.மீ. உயரம். நகை, கைக்கடிகாரம், கடிதங்கள், ஒரு சிறு வெள்ளிக் குத்துவிளக்கு போன்றவை இதில் அடங்கும். நான்கு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து எடுக்க வேண்டும். அறுவையில் போவதையும் சேர்த்து, 800 மி.மீ. நீளமும் 95 மி.மீ. அகலமும் இழைத்த பின் 10 மி.மீ. கனமும் உள்ள பலகை போதும். 30 மி.மீ. கனமுள்ள பழைய கதவுப் பலகையைக் கனவாட்டில் இரண்டாகப் பிளந்தால் இத்தகைய பலகைகள் இரண்டு கிடைக்கும். ஒன்று பக்கங்களுக்கும் மற்றொன்று மூடிக்கும் உதவும்.

பலகையை இழைக்கும்போது முதலில் ஒரு முகத்தைச் சமமாக்கி, அதற்குச் செங்குத்தாக ஒரு விளிம்பை மூலைமட்டம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் இந்த இரண்டையும் அடிப்படையாக வைத்தே எடுக்கப்படும். இழைப்புளி ரேகையின் ஏற்றத்தை ஒட்டி ஓட வேண்டும். எதிர்த்து ஓடினால் சிலும்பு கிளம்பும். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து இருப்பதால் அலகு விரைவில் மழுங்கும். சாணைக்கல்லைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி தீட்ட வேண்டும்.

இழைத்து முடித்த பலகையின் உட்புறத்தில், அடிவிளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒன்றும் மேல்விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒன்றுமாக இரண்டு காடிகளை முழு நீளத்துக்கும் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம். பலகையைத் துண்டாக்கும் முன்பே காடி வெட்டினால் நான்கு பக்கங்களிலும் அது ஒரே உயரத்தில் அமைந்துவிடும்.

அறுக்கும் வரிசை நீளப்பக்கம், குறும்பக்கம், நீளப்பக்கம், குறும்பக்கம் என்று இருக்க வேண்டும். இதே வரிசையில் மூட்டினால் மரத்தின் ரேகை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு மூலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். மூன்று மூலைகளில் ரேகை பொருந்தும். நான்காவது மூலையில் மட்டும் பொருந்தாது. அதைப் பெட்டியின் பின்புறமாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். துண்டுகள் இடம் மாறிவிடாமல் இருக்க, அறுக்கும் முன்பே பென்சிலால் எண் இட்டுக்கொள்வது அவசியம்.

மூலைகளை மூட்டுதல்

பெட்டி மூலைக்குப் பல மூட்டுகள் உண்டு. ஒரு பலகையின் முனையை மற்றதன் முகத்தில் முட்டவைத்து ஆணி அடிப்பது எளிது, ஆனால் வலுவற்றது. பலகை முனையில் மரநார்களின் வாய் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். பிடிப்பு நிற்காது. இரு பலகைகளிலும் மாற்றி மாற்றிப் பல் வெட்டிக் கோக்கும் விரல் மூட்டு நல்ல வலுவானது. பற்களை விரிந்த புறாவால் வடிவில் வெட்டும் புறாவால் மூட்டு எல்லாவற்றிலும் உறுதியானது. இழுத்தாலும் கழலாது. ஆனால் அதை இடைவெளியின்றிக் கையால் வெட்டக் கணிசமான பயிற்சி வேண்டும். மேலும் முழு நீளக் காடி வெட்டிய பலகையில் இந்த இரண்டு மூட்டுகளையும் செய்தால் மூலையில் காடியின் வாய் வெளியே தெரியும். அதைச் சிறு துண்டு வைத்து அடைக்க நேரும்.

ஆகவே பழகுபவருக்கு ஏற்றது, முனைகளை 45 பாகைச் சாய்வில் அறுத்துச் சேர்க்கும் சாய்வு மூட்டு. இதில் காடி மறைந்துவிடும், ரேகையும் தடையின்றி ஓடும். சாய்வு அறுக்கும் வழிகாட்டிப் பெட்டியில் பலகையை வைத்து, நுண்பல் ரம்பத்தால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, கடைசி மயிரிழையை இழைப்புளியால் சீவிச் சரிசெய்வது நல்ல முறை. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் நீளத்தில் அணுவும் பிசகக் கூடாது. இரண்டையும் சேர்த்து நிறுத்தி விரலால் தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சாய்வு மூட்டின் குறை, அதுவும் பெரும்பாலும் முனைமரத்தில் பசையை நம்பி நிற்பது. அதற்குப் பரிகாரமாக, பசை காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ரம்பத்தால் கீறல் வெட்டி, மெல்லிய மரச்சில்லுகளைப் பசையிட்டுச் செருகுவார்கள். சில்லின் ரேகை மூலையைக் குறுக்காகக் கடந்து இரு பலகைகளையும் பிணைக்கும். தேக்குப் பெட்டிக்கு ஈட்டி மரத்தின் கருமையான சில்லோ, பலாவின் மஞ்சள் சில்லோ வைத்தால் வலுவோடு அழகும் சேரும்.

அடியும் மூடியும்

பக்கங்களின் உள் இடைவெளி 200 மி.மீ.க்கு 130 மி.மீ. காடி ஆழம் இருபுறமும் 4 மி.மீ. என்பதால், 208க்கு 138 மி.மீ. வரை பலகை நுழைய இடம் உண்டு. மேலே சொன்ன அசைவுக்கு இடம்விட்டு, நீளத்தை 207 மி.மீ. ஆகவும் அகலத்தை 136 மி.மீ. ஆகவும் வெட்ட வேண்டும். அவ்வளவு அகலமான பழைய பலகை கிடைக்காவிட்டால், இரு குறுகிய பலகைகளை விளிம்போடு விளிம்பாகப் பசையிட்டு ஒட்டலாம். நீளவாக்கில் ரேகையோடு ஒட்டும் இந்த ஒட்டு மரத்தைப்போலவே உறுதியாக நிற்கும். பலகையின் கனம் 7 மி.மீ. இருக்கலாம். நான்கு விளிம்புகளையும் படியாகச் செதுக்கி 4 மி.மீ. ஆக்கிக் காடிக்குள் நுழைக்க வேண்டும். அடிக்குப் பழைய பிளைவுட் துண்டும் பொருந்தும். பிளைவுட் அசைவதில்லை என்பதால் அதை ஒட்டிவிடலாம்.

மூடியில்தான் பழைய மரத்தின் அழகை முன்னிறுத்த வேண்டும். ஆணித்துளையின் கறுப்பு வளையம், பழைய செதுக்கு வேலையின் ஓரம், நிறம் முற்றிய ரேகை ஆகியவை உள்ள துண்டை மூடிக்கு ஒதுக்கிவைப்பது நல்ல தேர்வு. இவற்றை மறைத்துவிட்டால் பழைய மரத்தில் செய்ததன் அடையாளமே போய்விடும்.

பசையிடுதல்

பசை தொடும் முன் எல்லாத் துண்டுகளையும் உலர்வாக ஒருமுறை கோத்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்கங்களையும் வெளிமுகம் மேலாக வரிசையாகக் கிடத்தி, முனைகள் தொட்டுக்கொள்ளும்படி ஒட்டுநாடாவால் இணைத்து, திருப்பிப் போட்டு மடித்தால் பெட்டி தானே மூடிக்கொள்ளும். கிளாம்புகள் இல்லாத வீட்டில் இந்த முறை நல்ல பலன் தரும்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஆகவே ஒட்டும் முகங்களை அன்றே இழைத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்த பின் பசையிட வேண்டும். சாய்வு முனைகளில் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, சில நிமிடங்கள் உறிஞ்சவிட்டு, இரண்டாவது பூச்சு இட்டால் மூட்டு வறளாது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். மூடியையும் அடியையும் காடியில் செருகிப் பெட்டியை மடித்த பின், மூலைக்கு மூலை இரு குறுக்களவுகளையும் எடுக்க வேண்டும். இரண்டும் சமமானால் பெட்டியின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. இல்லாவிட்டால் நீண்ட குறுக்களவு உள்ள மூலைகளை மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம். பசை முழு வலு பெற ஒரு நாள் விட வேண்டும்.

இப்போது கையில் இருப்பது ஆறு பக்கமும் மூடிய கட்டை. மூலைச்சில்லுகளைச் செருகி, காய்ந்தபின் சீவிச் சமமாக்கிவிட்டு, மேல்விளிம்பிலிருந்து 25 மி.மீ. கீழே சுற்றிலும் கோடு போட்டு ரம்பத்தால் அறுத்தால் மூடி தனியாக வரும். முதலிலேயே மூடியையும் உடலையும் தனித்தனியாகச் செய்தால் இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்துவது கடினம். ஒன்றாகச் செய்து பிரிப்பதால் அளவும் ரேகையும் தாமே பொருந்துகின்றன. மூலைச்சில்லுகள் இந்தக் கோட்டின்மேல் வராதபடி முன்பே திட்டமிட வேண்டும். அறுத்த விளிம்புகளைச் சமமாக்க, கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் மூடியையும் உடலையும் தனித்தனியே வட்டமாகத் தேய்க்கலாம்.

கீலும் கொண்டியும்

25 மி.மீ. நீளமுள்ள பித்தளைக் கீல்கள் இரண்டு போதும். தகட்டின் அகலம் பலகையின் கனத்தை மீறக் கூடாது. மூலையிலிருந்து சுமார் 35 மி.மீ. தள்ளி, தகட்டின் கனத்துக்கு உளியால் பள்ளம் எடுத்துப் பதிக்க வேண்டும். பித்தளைத் திருகாணி மென்மையானது. கடினமான பழைய மரத்தில் நேரடியாகத் திருகினால் தலை ஒடியும். ஆகவே முதலில் சிறு துளையிட்டு, அதே அளவுள்ள இரும்புத் திருகாணியால் புரி பதித்து, அதைக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியை இட வேண்டும். கதவிலிருந்து எடுத்த பழைய சிறு கொண்டி கிடைத்தால் முன்புறத்தில் பொருத்தலாம். மரப்பெட்டியோடு பித்தளை நன்கு சேரும் என்பதைக் கேரளத்தின் நெட்டூர் பெட்டிகளில் காணலாம். கூம்பிய மூடியும் பித்தளைப் பட்டைகளும் கொண்ட அந்த நகைப்பெட்டிகள் இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

உலோகமே வேண்டாம் என்பவருக்குத் தமிழ்நாட்டுச் சமையலறையிலேயே முன்மாதிரி உண்டு. மரத்தாலான பழைய அஞ்சறைப்பெட்டிகள் பலவற்றில் மூடி காடியில் நழுவித் திறக்கும். ஒரு குறும்பக்கத்தை மேல் காடி வரை தாழ்த்தி, மூடியைச் சற்றுத் தளர்வாகச் செதுக்கி, விளிம்பில் மெழுகு தேய்த்தால் அதே அமைப்பு கிடைக்கும். கீல் வைத்த பெட்டியைவிட இதைச் செய்வது எளிது.

தேய்ப்பும் மெருகும்

இழைப்புளி நன்றாகத் தீட்டப்பட்டிருந்தால் தேய்ப்பு வேலை குறையும். உப்புத்தாளை 120, 180, 220 என்ற எண் வரிசையில், எப்போதும் ரேகை ஓடும் வாட்டத்திலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் மெருகு ஏற்றியதும் பளிச்சென்று தெரியும். தேவையற்ற ஆணித்துளைகளை அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். கூர்விளிம்புகளை இலேசாக மழுக்கிவிட்டால் கைக்கு இதமாக இருக்கும்.

மரத்தூளைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் அதைச் சேர்த்தது. நல்ல முகக்கவசமும் காற்றோட்டமும் தேவை. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

மெருகுக்கு இந்த நாட்டிலேயே விளையும் சிறந்த பொருள் அரக்கு. பலாசு, குசும், இலந்தை மரக் கொம்புகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட் அரக்கு உற்பத்தியில் முன்னணி மாநிலம். தகடு தகடாகக் கிடைக்கும் அவலரக்கை, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 முதல் 120 கிராம் என்ற அளவில் ஊறவைத்துக் கரைத்து, வடிகட்டி, பஞ்சு பொதிந்த துணி உருண்டையால் மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் சீக்கிரம் உலர்ந்துவிடும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய ஐந்தாறு பூச்சுகள் சிறந்தவை. அரக்கின் மேல் தேன்மெழுகு தேய்த்து மெல்லிய துணியால் துலக்கினால் மென்மையான ஒளி வரும். நீர் தங்கினால் அரக்குப்பூச்சு வெளுக்கும், மது பட்டால் கரையும். பரிசுப் பெட்டி ஈரத்தில் புழங்கும் பொருள் அன்று என்பதால் இது பெரிய குறை இல்லை. ஸ்பிரிட்டின் ஆவி தீப்பற்றக்கூடியது. அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரத்தின் நிறம் ஆழமாகும். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரியும் வெப்பத்திலேயே தானாகத் தீப்பிடிக்கும். துணிகளை விரித்து வெளியே காயப்போட வேண்டும். பெட்டியின் உட்புறத்தில் எண்ணெய் பூசுவதே கூடாது. மூடிய பெட்டிக்குள் அதன் நெடி போகாமல் தங்கி, வைத்த பொருளிலும் ஏறும். உள்ளே அரக்கு போதும், அல்லது ஒன்றும் பூசாமல் விடலாம்.

உள்ளே துணி இடுவதானால், கிழிந்த பட்டுப்புடவையின் நல்ல பகுதியை மெல்லிய அட்டைகளில் சுற்றி, அட்டையின் பின்புறம் ஒட்டி, அந்த அட்டைகளைப் பெட்டிக்குள் பொருத்த வேண்டும். துணியை நேரடியாக மரத்தில் ஒட்டினால் பசை ஊறிக் கறை தெரியும். இனிப்பு வைத்துக் கொடுக்கும் பெட்டியானால் உள்ளே உணவுக்காகிதம் இடுவது கட்டாயம். பழைய மரம் உணவில் நேரடியாகப் படக் கூடாது.

பெட்டி முடிந்ததும் அடிப்புறத்தில், மரம் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தின் எந்தப் பகுதியில் இருந்தது, என்ன மரம், எந்த ஆண்டு பெட்டியானது என்று எழுதிவைப்பது நல்ல வழக்கம். பாட்டனார் வீட்டு ஜன்னல் பலகையில் செய்த பெட்டி பேத்தியின் திருமணத்துக்குப் போகும்போது, அந்த இரண்டு வரிகள் உள்ளே வைத்த பொருளுக்கு ஈடான மதிப்பைப் பெறும்.

ஒரு பெட்டிக்கு வேண்டிய மரம் மிகக் கொஞ்சம். பக்கங்களுக்கு 800 மி.மீ. பலகை ஒன்று, மூடிக்கும் அடிக்கும் சில துண்டுகள், அவ்வளவுதான். வீட்டை இடிக்கும்போதும் பழைய கட்டிலைக் கழிக்கும்போதும் விறகுக்குப் போகும் குவியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த, உளுக்காத, முழங்கை நீளத் துண்டு எதையும் எரிக்க விடாதீர்கள்.